தொண்டையில் குடியிருப்பவர்கள்

ஜனவரி 19, திங்கள்

இன்று காலை ஏழே முக்கால் மணிக்கு, தென்னகத்து மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று பாளையங்கோட்டைப் பூங்காவின் மூன்றாவது சிமெண்டு பெஞ்சில் நடந்தேறியது. ஆவுடையப்பனாகிய நான், வயது அறுபத்தொன்று, 'ஆரோக்கியமான பெரியவர்' என்று முறைப்படி அறிவிக்கப்பட்டேன்.

ஒரு ஆய்வுக் குழுவாம். நடக்க வருகிறவர்களில் நோய்நொடி இல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் என்ன குடியிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். நிமோனியாவை உண்டாக்கும் கிருமி, ஒரு தும்மல்கூட இல்லாத ஆட்களின் தொண்டையில் சும்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குமாம். எஸ்தர் என்ற பெண் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நீளக் குச்சியை என் மூக்குக்குள் விட்டாள். அது என் மூளையின் புறவாசலைத் தட்டி, "யாரும் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியது. இன்னொரு குச்சி தொண்டைக்கு. ஒரு குப்பியில் எச்சில் வேறு.

"சளி, இருமல் ஏதாச்சும் உண்டா ஐயா?"

"யம்மா, முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக்குல பேசின தொண்டை இது. நான் 'பாபநாசம்'னு சொன்னா பாபநாசத்துல இருக்கவன் திரும்பிப் பாப்பான். இதுக்குள்ள சளி நுழையணும்னா டிக்கெட் எடுத்துட்டுத்தான் வரணும்."

"மூணு மாசத்துக்குள்ள ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சேச்சே."

தொண்டை கரகரத்தால் சுடலைமுத்து மெடிக்கலில் நான்கு மாத்திரை வாங்குவேன். இரண்டு போட்டதும் தொண்டை வெண்கலமாகிவிடும். மீதி இரண்டு அடுத்த கரகரப்புக்கு. இதை மாத்திரை சாப்பிடுவது என்று சொல்ல முடியாது. இது எனக்கும் சுடலைமுத்துவுக்கும் உள்ள நட்பு.

ஜனவரி 21, புதன்

செண்பகம் நேற்று துணி துவைக்கும் கல்லடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு, ஆறு வாரம். என் மனைவியின் ஒரு கை முறிந்தது, வீட்டின் இருபது கை முறிந்தது. அடுக்களையை மருமகள் ஏற்றுக்கொண்டாள். குழந்தையைக் குளிப்பாட்டும் இலாகா, பலத்த போட்டியின்றி, எனக்கு ஒதுக்கப்பட்டது.

மருமகள் என்பது என் தங்கை மகள் பிரம்மசக்தி. தங்கை போய் ஆறு வருஷம் ஆகிறது, அவள் புருஷன் அதற்கும் முன்னாலேயே. ஆகவே பிரசவத்துக்குத் தாய்வீடு என்றால் தாய்மாமன் வீடுதான். மாப்பிள்ளை சரவணவேல் மஸ்கட்டில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ரத்த உறவென்று நான் ஒருத்தன், எனக்கு அவள் ஒருத்தி, இப்போது நறுமுகை. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட சக்கரவர்த்தினி. வயது மூன்று மாதம். எடை நாலரைக் கிலோ. அதிகாரம் நாலரை டன்.

பொறுப்பேற்புக்கு முன் பிரம்மு என்னை நிற்க வைத்துச் சட்டம் வாசித்தாள்.

"மாமா, மூணு விஷயம். சாம்பிராணி போடக் கூடாது. காதுல எண்ணெய் ஊத்தக் கூடாது. மூக்குல ஊதக் கூடாது."

"முதல் ரெண்டும் சரி. ஊதாம எப்படிட்டி? குளிப்பாட்டினா மூக்குல தண்ணியும் சளியும் நிக்கும்லா. நம்ம பக்கத்துல மூக்குல ஊதாம வளந்த பிள்ளை ஒண்ணு சொல்லு பாப்போம். ஒங்க அம்மைக்கே நான்தான் ஊதினேன், எனக்குப் பத்து வயசுல."

"ஊதினா ஒங்க வாயில உள்ளதெல்லாம் பிள்ளை மூக்குக்குள்ள போவும். டாக்டர் நூறு தடவ சொல்லிட்டாவ."

"என் வாயில அப்படி என்னட்டி இருக்கு?"

"முப்பத்தோரு வருஷத்து பஸ் ஸ்டாண்டு இருக்கு."

செண்பகம் மாவுக்கட்டை மறந்து சிரித்தாள்.

ஜனவரி 22, வியாழன்

முதல் நீராட்டு. வேட்டியை மடித்துக் கட்டி, மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பேரரசியைக் கிடத்தினேன். அவள் போட்ட கூச்சலில் தாமிரபரணி ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போயிருக்கும்.

மூக்கு விவகாரம்: பிரம்மு அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குளித்து முடித்தபோது குழந்தையின் மூக்கு, புதிதாகத் தார் போட்ட நாற்கரச் சாலைபோல ஒரு தடையுமின்றித் திறந்திருந்தது.

ஜனவரி 24, சனி

பிரம்மு இன்றும் மாடியில் துணி காயப்போட்டாள். செண்பகம் மட்டும் அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

ஜனவரி 25, ஞாயிறு

துணி. மாடி. மூக்கு சுத்தம்.

ஜனவரி 28, புதன்

எஸ்தர் போன் செய்தாள். பிறகு அவர்கள் ஆள் வந்து ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போனார்.

என் தொண்டையில் அந்தக் கிருமி இருக்கிறதாம். நிமோனியாக் கிருமி. மூக்கில் இல்லை. தொண்டைக் குச்சியிலும் எச்சிலிலும் உண்டு.

"பயப்படாதீங்க ஐயா. நல்லா இருக்கவங்க நிறைய பேர்கிட்ட இது இருக்கும். கொஞ்ச நாள் இருந்துட்டு அதுவாப் போயிரும். உங்களுக்கு வைத்தியம் தேவையில்ல. ஆனா உங்ககிட்ட இருக்கறது கொஞ்சம் முரட்டுப் பயல். வழக்கமா முதல்ல குடுக்கற ரெண்டு மூணு மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. தாள்ல எல்லாம் எழுதியிருக்கு. பத்திரமா வைங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு வாய் வச்சு எதுவும் செய்யாதீங்க. முத்தம்கூட வேண்டாம். வீட்ல ரெண்டு வயசுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்தக் குறிப்பேடு கேட்கக்கூடும். குறிப்பேட்டுக்கு வாய் கிடையாது என்பதால் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவனல்லன்.

தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எதிரே 'அடங்கும்', 'அடங்காது'. அடங்காதவை ஐந்து. ஆக, என் தொண்டையில் ஒரு மாநகராட்சியே நடக்கிறது, அதுவும் எதிர்க்கட்சி மாநகராட்சி. இப்படி எழுதினால் சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். தாளை நான்காக மடித்துச் சட்டை உள்பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

தோள்பட்டையில் கடும் வலி. கையைத் தூக்கினால் அண்டசராசரமும் ஆடுகிறது. இனிக் குளிப்பாட்ட இயலாது என்று அறிவித்தேன்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே?" என்றாள் பிரம்மு.

"வலி சொல்லிட்டா வரும்?"

செண்பகம் என் தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி 31, சனி

குழந்தை இரண்டு முறை தும்மினாள். குழந்தைகள் தும்மும். சாயங்காலம் பால் சரியாகக் குடிக்கவில்லை. குழந்தைகள் சில வேளை குடிக்காது. உடம்பு லேசாகச் சுடுகிறது. வெயில் அப்படி. தை மாதத்தில் இப்படி ஒரு வெயில் அடித்ததே இல்லை. இது யாரும் மறுக்க முடியாத உண்மை.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை ஆறரைக்குப் பிரம்மு என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரலை அவள் அம்மா செத்த அன்று கேட்டது.

"மாமா, நெஞ்சப் பாருங்க. உள்ள இழுக்கு."

விலா எலும்புக்குக் கீழே தோல் பள்ளமாக உள்ளே போய்ப் போய் வந்தது. பிரம்மு கைப்பேசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு அறுபத்தாறு. மறுபடி எண்ணினாள். அறுபத்தெட்டு.

ஆட்டோவில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் திரும்பவே இல்லை. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தேன்.

"எதுக்கு மாமா துண்டு?"

"தூசிட்டி. ரோட்டுல இமயமலை அளவுக்குத் தூசி."

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காஜா முகைதீன். ஒல்லியானவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். நிமோனியா. வலது பக்கம் அடியில் வெள்ளையாகத் தெரிகிறதாம். குறைமாதப் பிள்ளை என்பதால் உடனே சேர்த்துவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் இல்லை என்றோம். உடம்பு சரியில்லாதவர் எவரும் எங்கள் வீட்டில் இல்லை என்பது நூற்றுக்கு நூற்றுப்பத்து விழுக்காடு உண்மை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அதை அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மூச்சு அறுபத்தெட்டு. காய்ச்சல் இறங்கவில்லை.

டாக்டர் சொன்னது: "மருந்து ஆரம்பிச்சு நாற்பத்தெட்டு மணி நேரம் பாக்கணும். ரத்தத்தைக் கிருமி வளருதான்னு பாக்க அனுப்பியிருக்கோம்."

சட்டையை மாற்றும்போது உள்பைத் தாளும் புதுச் சட்டைக்கு மாறிக்கொண்டது. அதை எடுத்துப் படிக்கவில்லை. படிக்காமலே தெரிகிறது. குழந்தைக்கு ஏறும் மருந்தின் பெயரை நர்ஸ் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறாள். தாளில் இரண்டாவது வரி. எதிரே 'அடங்காது'.

ஆனால் குழந்தைக்கு வந்திருப்பது என் கிருமி என்று யார் சொன்னது? திருநெல்வேலியில் ஐந்து லட்சம் தொண்டைகள் இருக்கின்றன. அதில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். இப்படிச் சொல்லிக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். இன்று நான் நடந்த தூரத்தைச் சேர்த்து வைத்தால் காசிக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு டாக்டர் வந்தார். மூச்சு எழுபது. ஆக்சிஜனைக் கூட்டச் சொன்னார். எங்களை வராந்தாவுக்கு அழைத்தார்.

"ரத்தத்துல ஒண்ணும் வளரல. பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் வரும். எந்தக் கிருமி, எதுக்கு அடங்கும்னு தெரியாம வைத்தியம் பண்ணிட்டு இருக்கோம். பலமான மருந்து இருக்கு. ஆனா அது இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், காரணம் இல்லாம தொட மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் பாப்போம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளை மூக்குல, வாயில யாராவது ஊதினீங்களா? குளிப்பாட்டும்போது?"

பிரம்மு உடனே, "நான் சொல்லிருக்கேன் டாக்டர். யாரும் ஊத மாட்டாவ" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். ஐம்பது பஸ்ஸின் இரைச்சலைத் தாண்டிக் கேட்ட குரல், ஒரு வராந்தாவைத் தாண்டவில்லை.

"நான் ஊதினேன் டாக்டர்" என்றாள் செண்பகம்.

பிரம்மு அவளைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். "அத்தை, நீங்க எப்ப குளிப்பாட்டினிய?"

"குளிப்பாட்டல. மாமா குளிப்பாட்டித் தொடச்சிக் குடுத்தாவல்லா, அப்ப. ஒருநாள் ரெண்டுநாள். மூக்கடைச்சிருந்துச்சு."

"ஒங்ககிட்ட நான் கால்ல விழாத குறையா சொன்னேம்லா அத்தை?"

"சொன்னத்தான்."

பிரம்மு உள்ளே போய்விட்டாள். டாக்டர், ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, செண்பகத்துக்கும் பிரம்முவுக்கும் தொண்டையில் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். முடிவு வர இரண்டு நாள் ஆகும்.

செண்பகத்தை மாடிப்படி ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?"

"சத்தம் போடாதிய. எம்மேல கோவப்பட்டா நாலுநாள் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பா, அப்பறம் 'காப்பி போடுங்க அத்தை'ம்பா. ஒங்க மேல கோவப்பட்டா அவளுக்குப் போக்கிடம் ஏது? அவளுக்கு அம்மை வீடுன்னா அது நீங்கதான."

"நீ பாத்தியா நான் ஊதினத?"

"மூணு நாளும் பாத்தேன். ஒங்கள அப்பவே தடுக்காம நின்னேம்லா. அதுக்கு இது."

அவளுக்குத் தாள் விஷயம் தெரியாது. அவள் தொண்டையில் ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் கழித்து 'சுத்தம்' என்று வரும். அதற்குள் இரண்டு நாள் போயிருக்கும்.

பதினொன்றரைக்குக் குச்சிகளோடு வந்தது எஸ்தர். டாக்டர் போன் செய்தது அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான். அவளைத் தூரத்தில் பார்த்ததும் நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். எக்ஸ்ரே அறைக்கு எதிரே கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் போய் நடுவில் உட்கார்ந்து, ஒரு செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண், "அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

சாயங்காலம் மூச்சு எழுபத்திரண்டு. டாக்டர் நாளைக் காலை வரை பார்க்கலாம் என்றார். முகத்தைப் பார்த்தால் அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

காலை ஏழு மணிக்கே டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். எட்டு பத்துக்கு வந்தார். தாளை நீட்டினேன்.

"டாக்டர், மூக்குல ஊதினது நான். என் சம்சாரம் இல்ல. மூணு நாள் ஊதினேன். இது என் தொண்டையில இருக்கறது."

நின்றுகொண்டே படித்தார். முடிக்குமுன்பே நர்ஸைக் கூப்பிட்டு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். "இப்பவே. ரவுண்ட்ஸ் வரைக்கும் வேண்டாம், இப்பவே போடுங்க. சிறுநீர் அளவு எழுதிட்டே வாங்க." அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட எத்தன நாளா இருக்கு?"

"ஒரு வாரம்."

"பிள்ளைய இங்க சேத்தப்பவும் இருந்துச்சா?"

"சட்டைப் பையில."

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடிக்கடி மாத்திரை சாப்பிடுவீங்களா?"

சொன்னேன். நான்கு வாங்குவது, இரண்டு போடுவது, இரண்டை வைத்துக்கொள்வது, எல்லாம்.

"ரெண்டு போட்டு நிறுத்தறது கிருமியக் கொல்றதுக்கு இல்ல. அதுக்குப் பயிற்சி குடுக்கறதுக்கு" என்றார்.

திரும்பினால் பிரம்மு நின்றிருந்தாள். கையில் பால் சங்கு. எப்போதிலிருந்து நின்றாளோ. டாக்டர் கையிலிருந்து தாளை வாங்கினாள். முதலில் தேதியைப் பார்த்தாள். பள்ளிக்கூட டீச்சர், எந்தத் தாளிலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பாள்.

"இருபத்தெட்டு" என்றாள்.

"ஆமா."

"பிள்ளைக்கு மூச்சு இழுத்தது ஒண்ணாந்தேதி."

"ஆமாட்டி."

"மூணு நாளா எம் பக்கத்துலயே நின்னிய. நான் மூச்ச எண்ண எண்ண, நீங்களும் சேந்து எண்ணினிய."

தாளை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அத்தை பழி ஏத்துக்கிட்டாவ, அதையும் பாத்துட்டு நின்னிய."

"பிரம்மு..."

"வீட்டுக்குப் போங்க மாமா."

போனேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டில் நான் மட்டும். துண்டு, துணி, குழந்தையின் விரிப்பு எல்லாவற்றையும் கொதிக்க வைத்துத் துவைத்தேன். மாடியில் காயப்போட்டேன். மீதியிருந்த இரண்டு மாத்திரையைச் சுடலைமுத்துவிடம் கொடுத்து, "இனிமே டாக்டர் சீட்டு இல்லாம எனக்கு ஒண்ணும் தராத" என்றேன். "என்னவே, கோவமா?" என்றான். இல்லை என்றேன்.

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. புது மருந்து போட்டு ஒரு நாள் முடிந்தது.

இன்று பெரிதாக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிறதே பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை பதினொன்று ஐந்துக்குச் செண்பகம் பேசினாள்.

"என்னங்க. அம்பத்தாறு."

"என்ன அம்பத்தாறு?"

"மூச்சு. ராத்திரிக்குள்ள காய்ச்சல் விட்டுட்டு. காலைல சங்கத் தட்டி விட்டுட்டு அம்மைகிட்ட வாய் வச்சுக் குடிச்சா."

இந்தக் குறிப்பேட்டின் அட்டையில் 56 என்று எழுதினேன்.

"கேக்குதா?"

"கேக்கு."

"அழுதியளா?"

"தூசிட்டி."

"வீட்டுக்குள்ளயா தூசி?" என்றாள். பிறகு, "அவ எங்கிட்டயும் பேசல. பொய் சொன்னதுக்கு" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

மூச்சு நாற்பத்திரண்டு. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமூடி போட்டுக்கொண்டு போனேன். எஸ்தரும் இருந்தாள். குழந்தையின் மூக்கிலும் எடுத்துப் பார்த்தார்களாம். அதே வகைக் கிருமிதானாம், அதே 'அடங்காது' வரிசை. செண்பகத்துக்கும் பிரம்முவுக்கும் சுத்தம்.

"ஊதினதுலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "ஒரே வீட்ல பேசும்போது, சிரிக்கும்போதுகூடப் பரவும். ஆனா ஊதறது கதவைத் திறந்து கூப்பிடற மாதிரி."

முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

"யம்மா, அன்னைக்கு ஒங்கிட்டப் பொய் சொன்னேன். சின்னப் பிள்ளை இல்லன்னு."

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நேர்ல வந்திருப்பேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

"இப்ப என் தொண்டையச் சுத்தம் பண்ண மருந்து குடுங்க டாக்டர். எவ்வளவு கசப்பா இருந்தாலும் சரி. ஒரு அண்டா குடிக்கேன்."

"வேண்டாம். உங்களுக்கு நோய் இல்ல. மருந்து குடுத்தா இன்னும் முரடா ஒண்ணு வரும். இது போயிட்டு வேற ஒண்ணு வரலாம், அது உங்க சம்சாரம் தொண்டையிலயும் இருக்கலாம், என் தொண்டையிலயும் இருக்கலாம். யார்கிட்ட இருக்குன்னு தெரியாதுங்கறதாலதான் யாரும் ஊதக் கூடாதுங்கறோம். உங்க வயசுக்கு ஒரு தடுப்பூசி இருக்கு, போட்டுக்கோங்க. பிள்ளைக்கு விட்டுப்போன ஊசிய நான் போடறேன்."

ஊசி போட்டுக்கொண்டேன். வலி எவ்வளவு என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள்.

ஆட்டோ சத்தம் கேட்டதும் முகமூடியைப் போட்டுக்கொண்டு முன்னறை மூலையில் போய் நின்றேன். பிரம்மு என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நறுமுகை இளைத்திருக்கிறாள். கையில் ஊசி ஏற்றிய இடம் நீலமாக இருக்கிறது. செண்பகம் மட்டும், "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

சமையல் நான் செய்திருந்தேன். ரசமும் பொரியலும். பிரம்மு சாப்பிட்டாள். உப்பு கூடவா குறைவா என்று சொல்லவில்லை. இதற்கு முன் இந்த வீட்டில் என் சமையல் ஒருநாளும் விமரிசனம் இல்லாமல் உள்ளே போனதில்லை.

நாலு மணிக்கு மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்தபோது அவரிடம் சளிக் காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாளாம், கடல் தாண்டி இருக்கிறவர் துடித்துப்போவார் என்று. இப்போது முழுவதையும் கேட்கிறார். உள்ளறைக் கதவு சாத்தவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் முன்னறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"எப்படி வந்துச்சாம்? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

அவள் என்ன சொன்னாலும் நியாயம். இன்றே டிக்கெட் போட்டு அழைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லலாம். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு நறுமுகையை நான் கைப்பேசித் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

"மாமா பிள்ளை மூக்குல ஊதினாவ" என்றாள் பிரம்மு. "அவுக தொண்டையில இருந்த கிருமி. அத மறைச்சும் வச்சாவ."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார்.

"இருங்க, முடிக்கல. அந்தத் தாள டாக்டர்கிட்டக் குடுத்ததும் மாமாதான். அதப் பாத்துத்தான் மருந்த மாத்தினாவ. அதுலதான் பிள்ளை பொழச்சா."

"இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டார் அவர்.

"மார்ச்சு வரைக்கும் இங்கதான் இருப்பேன். அத்தைக்குக் கட்டுப் பிரிக்கணும்லா" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், கதவுப் பக்கம் பார்த்து, "மாமா, பூண்டு உரிச்சது போதும். பிள்ளை முழிச்சிட்டா. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, முகமூடியோட வந்து அந்த நாற்காலியில உக்காருங்க. கட்டிலுக்கு இங்கிட்டு வரக் கூடாது" என்றாள்.

கழுவினேன். இரண்டு தடவை. போய் உட்கார்ந்தேன்.

இரண்டையும் சொன்னாள். ஊதினதை முதலில் சொன்னாள், தாளை இரண்டாவதாகச் சொன்னாள். நானாக இருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன்.